டிவிடியைப் போட்டதும் கணினி உறைகிறதா? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

கனடாவில் இருக்கும் தங்கை போன மாதம் கேட்டாள்: "அண்ணா, என்ர கலியாண டிவிடியை ஒருக்கா ஏத்தி அனுப்புங்கோவன்." 2007இல் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் நடந்த கலியாணம். வீடியோக்காரர் மூன்று டிவிடி தந்திருந்தார். முதலாவதில் மட்டும் மாப்பிள்ளை பொம்பிளை படம் போட்ட வட்ட ஸ்டிக்கர். அரை மணித்தியால வேலை என்று நினைத்தேன், பத்து நாள் போய்விட்டது.

டிவிடியைப் போட்டதும் ட்ரைவ் உறுமத் தொடங்கும். வேகம் ஏறும், இறங்கும், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், மறுபடி உறுமல். திரையில் திறந்திருக்கும் ஜன்னல் வெளிறிவிடும். மவுஸ் அம்பு ஓடும், ஆனால் எதை அழுத்தினாலும் அசைவில்லை. கீழே டாஸ்க்பார் கூட மரம் மாதிரி நிற்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பேன், ஒரு நாளைக்கு நாலு தரம்.

கடைக்குக் கொண்டு போனேன். அங்கே டிவிடியைப் போட்டுப் பார்க்கவே இல்லை. மதர்போர்ட் போய்விட்டதாம், புதுசு போட வேண்டுமாம். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போன டவரை அதே மடியில் வைத்துத் திருப்பிக் கொண்டு வந்தேன்.

எனக்கு வழி காட்டியது ஒரு பேப்பர் கிளிப். ட்ரைவின் முகப்பில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். கிளிப்பை நிமிர்த்தி அதில் குத்தினால் தட்டு வெளியே வரும். (கணினியை அணைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். நான் பொறுமை கெட்டு, சுற்றல் ஓய்ந்த நேரம் பார்த்துக் குத்தினேன். நீங்கள் செய்யாதீர்கள்.) தட்டு வெளியே வந்த சில செக்கன்களில், அதுவரை நான் அழுத்திய எல்லாமே வரிசையாகத் திறந்தன! மதர்போர்ட் போயிருந்தால் இப்படி உயிர் வராது. "இதில் என்ன இருக்கிறது" என்று விண்டோஸ் ட்ரைவிடம் கேட்டிருக்கிறது. ட்ரைவோ வாசிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறது. பதில் வரும்வரை, கோப்புகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் காத்து நிற்கும். டாஸ்க்பாரும் அதே எக்ஸ்ப்ளோரரின் பகுதி என்பதால் முழுக் கணினியும் செத்த மாதிரித் தெரியும்.

பிறகு, விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். இரண்டு விதமான பதிவுகள் இருந்தன. தட்டில் பழுதான பகுதி இருப்பதாகச் சொல்லும் 7ஆம் இலக்கம் ஒன்று. மற்றது 129, அதாவது ட்ரைவ் பதில் தராததால் அதை ரீசெட் செய்ததாக. இந்த 129 டிவிடி போடாத நாட்களிலும் வந்திருந்தது. அப்போதுதான் பழுது ஒன்றல்ல, இரண்டு என்று விளங்கியது.

டவரின் பக்க மூடியைக் கழற்றினேன். மதர்போர்டிலிருந்து ட்ரைவுக்குத் தரவு போகும் சிவப்பு சாட்டா கேபிள், விரல் பட்டதுமே ஆடியது. முனையில் கிளிப் இல்லாத பழைய வகை. ஏழு பின்களும் பளபளப்பு மங்கி இருந்தன. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், உப்புக் காற்று கதவுப் பிணைச்சலையே தின்கிறது, இதை விடுமா? பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் இருக்கும் யூனிட்டி பிளாசாவில் உலோகக் கிளிப் வைத்த கேபிள் ஒன்று வாங்கிப் பூட்டினேன். 129 அன்றோடு நின்றது.

மிச்சம் அந்த முதலாவது டிவிடி. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஸ்டிக்கரின் ஒரு ஓரம் ஈரத்தில் உப்பி, அரை விரல் அகலத்துக்கு எழும்பியிருந்தது. வேகமாகச் சுற்றும்போது தட்டு ஒரு பக்கம் இழுபட்டு ஆடும். டிவிடி உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுவதால் ஆட்டம் அதிகமாகும் வெளி விளிம்பில்தான் வாசிப்பு முறியும். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு இயங்குதளத்தை யூஎஸ்பியில் போட்டுத் தொடங்கி, ட்ரைவின் வேகத்தை நாலு மடங்குக்கு இறக்கி, பழுதான தட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூவை இரவு முழுக்க ஓட விட்டேன். அது முதலில் நல்ல பகுதிகளை எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் முரண்டு பிடிக்கும் இடங்களுக்குத் திரும்பி வரும். காலையில் கிட்டத்தட்ட முழுக்கக் கிடைத்தது. பந்தி பரிமாறும் இடத்தில் நாலைந்து செக்கன் மட்டும் சதுரம் சதுரமாக உடைகிறது.

உங்களுக்கு எது காலை வாரியது?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, நீங்கள் சாட்டா காலத்து ஆள். 2005 வாக்கில் நான் ஒரு நெட் கஃபேயில் வேலை செய்தேன், பத்து மெஷின், எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி. அதில் ஒன்றில் சீடி போட்டால் பாட்டு திக்கித் திக்கி வரும், மவுஸ் தாவித் தாவி ஓடும். முதலாளி வைரஸ் என்று சொல்லி மூன்று தரம் ஃபோர்மட் அடிக்க வைத்தார். ஒவ்வொரு தரமும் ஒரு கிழமை நன்றாக ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

நடந்தது இதுதான். வாசிப்புப் பிழை ஆறு தடவைக்கு மேல் போனால் எக்ஸ்பி அந்த ட்ரைவை டிஎம்ஏயிலிருந்து (தரவு ப்ராசஸரைத் தொல்லைப்படுத்தாமல் நேராக மெமரிக்குப் போகும் முறை) படிப்படியாக இறக்கி, கடைசியில் பிஐஓ என்ற மெதுவான முறையில் கொண்டு போய் விட்டுவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுத் தரவையும் ப்ராசஸரே கையால் தூக்கிச் சுமக்க வேண்டும், வேறு வேலைக்கு அதற்கு நேரம் இல்லை. தானாக மேலே ஏறவும் மாட்டாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஈ சேனலை (சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு) நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரி. நாங்கள் ஃபோர்மட் அடித்தபோதும் நடந்தது அதுவே, தெரியாமல்.

பிழை வந்தது கீறல் விழுந்த சீடியால். ஆனால் முழு மெஷினும் ஏன் திணறியது? அந்த மெஷினைப் பூட்டியவர் ஹாட் டிஸ்கையும் சீடி ட்ரைவையும் ஒரே பட்டைக் கேபிளில் கொழுவியிருந்தார். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம். கீறல் விழுந்த சீடியோடு ட்ரைவ் மல்லுக்கட்டும் நேரம் ஹாட் டிஸ்க் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கும். விண்டோஸ் இருப்பதே ஹாட் டிஸ்கில். பிறகு உறையாமல்? ட்ரைவை இரண்டாவது கேபிளுக்கு மாற்றினேன், ஜம்பரையும் (கேபிளில் முதலாவது எது என்று சொல்லும் சின்னச் செருகி) மாஸ்டருக்கு மாற்றினேன். முதலாளி கடைசிவரை வைரஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெஹிவளையிலிருந்து:

என்னிடம் லேப்டொப், வெளியே கொழுவும் யூஎஸ்பி டிவிடி ட்ரைவ். 2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில், லேப்டொப்பில் சார்ஜ் இருக்கும் நேரத்துக்குள் மகளின் பாடப் பயிற்சி இறுவட்டுகளை எல்லாம் ஏற்றி முடிக்க அவசரப்பட்டேன். தட்டு சுற்றத் தொடங்கும், நிற்கும், யூஎஸ்பி கழன்ற சத்தம் வரும், ஜன்னல் உறையும். இரண்டு நாள் லென்ஸ் துடைக்கும் தட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை.

காரணம் மின்சாரம். யூஎஸ்பி 2 துறை தருவது 500 மில்லி அம்பியர். தட்டு சுற்றத் தொடங்கும் அந்த நொடியில் ட்ரைவ் அதற்கு மேல் கேட்கும். நானோ நடுவில் ஒரு மலிவான ஹப் வேறு வைத்திருந்தேன், மவுஸும் அதிலேயே. ட்ரைவோடு வந்த இரட்டைத் தலை கேபிளை, இரண்டாவது தலை எதற்கென்று தெரியாமல், அலுமாரியில் போட்டிருந்தேன். இரண்டு தலையையும் நேராக லேப்டொப்பில் குத்தியதும் ஓடியது.

வெள்ளவத்தை அண்ணா, அந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டால் என்ன? என்னிடமும் அப்படி ஒரு சீடி இருக்கிறது, அம்மாவின் குரல் பதிவு.

மட்டக்குளியிலிருந்து:

அக்கா, தயவுசெய்து உரிக்காதீர்கள். சீடியில் பதிவு இருக்கும் படலம் மேல் பக்கத்தில், ஸ்டிக்கருக்கு அடியில், மெல்லிய அரக்குப் பூச்சின் கீழ் இருக்கிறது. பசையோடு சேர்ந்து அதுவும் வரும். ஒரு நண்பன் உரித்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் பிடித்தான், அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பி தெரிந்தது. டிவிடியில் அந்தப் படலம் 0.6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தப்பும், ஆனால் இழுக்கிற இழுப்பில் தட்டு வளையலாம். எழும்பிய ஓரத்தை மெதுவாக அமத்தி, குறைந்த வேகத்தில் உடனே பிரதி எடுங்கள். இரண்டு வேறு ட்ரைவில் முயன்று பாருங்கள். ஒன்று வாசிக்காததை மற்றது வாசிப்பது உண்டு.

என் சொந்தக் கதை சின்னது. தட்டே போடாமல் கணினி உறைந்தது, தொடங்கும்போதே. ட்ரைவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டேன், உறையவில்லை. இரண்டு வருடமாக அது வெறும் முகப்பு.

வெள்ளவத்தையிலிருந்து:

தங்கை வீடியோவைப் பார்த்துவிட்டு கோல் எடுத்தாள். சதுரமாக உடையும் இடத்தில் வாழையிலையோடு நிற்பது யார் என்று கேட்கிறாள், எனக்கும் தெரியவில்லை. இரண்டாவது டிவிடியை இன்று இரவு போடப் போகிறேன். அதில் ஸ்டிக்கர் இல்லை, மார்க்கரால் '2' என்று மட்டும் எழுதியிருக்கிறது.