சூப்பர்வைசர் தேடியவர்கள் சொல்லுங்கள் (சுங்கை சிப்புட் வட்டாரம்)

செம்பனைக்காட்டுக்காரி:
மாஸ்டர்ஸ் ஆராய்ச்சிக்கு இடம் தேடுகிறேன். துறை உங்களுக்குத் தெரிந்ததுதான், கைப்பேசியில் தட்டுவதையும் பேசுவதையும் வைத்து மனச்சோர்வைக் கணிப்பது. நான் இமெயில் போட்ட ஆராய்ச்சி வழிகாட்டிகளில் (சூப்பர்வைசர்) ஒருவர் மட்டும் கூகுள் மீட்டில் பேசினார். தோட்டத்து இளைஞர்களிடம் பிஎச்க்யூ-9, அதாவது மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தை, நிரப்பி வாங்கலாம் என்றார். சரி. "ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது, அதற்கு ஒருத்தர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று போட்டுவிட்டால் நாம் என்ன செய்வோம், டாக்டர்?" என்று கேட்டேன். அவர் வேறு எதையோ டைப் செய்துகொண்டே, "பெயரே வாங்கப் போவதில்லையே, அப்புறம் என்ன?" என்றார். திரையைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் லயத்தில் வயதும் வேலையும் சொன்னாலே யாரென்று தெரிந்துவிடும். அந்தக் கீபோர்டு சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், நான் பதில் போடவில்லை.

லிந்தாங் பையன்:
எனக்கு நேர்மாறு. என் டாக்டர் டேட்டாவைத் தொடவே விடவில்லை! இரண்டு சீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் காசு வரும், போகும், அந்த விளையாட்டுதான். ரெஸ்கார்லா-வாக்னர் மாடல் (எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து மனிதர் எப்படிக் கற்கிறார் என்ற கணக்கு) வைத்து, மனச்சோர்வு உள்ளவர்களின் கற்றல் வேகம் மாறுகிறதா என்று பார்க்கலாம் என்று போனேன். "முதலில் கற்றல் வேகம் 0.3 என்று நீயே வைத்துப் போலி டேட்டா செய். மாடல் அந்த 0.3-ஐத் திருப்பித் தருகிறதா பார்" என்றார். 0.7 வந்தது. வைத்த எண்ணையும் வந்த எண்ணையும் ஒப்பிடும் வரைபடத்தில் புள்ளிகள் கோட்டை ஒட்டி விழ வேண்டும், என்னுடையது கோழி கிளறிய மண். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஓர் ஆளுக்கு இவ்வளவு குறைவான சுற்று வைத்தால் மாடல் எதைக் கற்கும்?" என்று சிரித்தார். அந்த செமஸ்டர் முழுக்க ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை. கடுப்புதான், ஆனால் அவரை விட்டுப் போக மாட்டேன்.

ரேவதி_டீச்சர்:
தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு, அந்தப் பிள்ளை கேட்டது அதுவா? உங்கள் மாடல் 0.7 சொன்னதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் கதை சின்னது. நான் உளவியலில் சேர்ந்தபோது பாட்டி, "தஞ்சோங் ரம்புத்தானுக்கா படிக்கப் போறே?" என்றார். ஈப்போ பக்கத்தில் 1911-லிருந்து இருக்கும் மனநல மருத்துவமனையைச் சொல்லி வாயை அடைப்பது நம் ஊர் வழக்கம். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வாருங்கள், பிள்ளை. பிஎச்க்யூ-9-இல் மொத்த மதிப்பெண் 27, பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்பார்கள். ஒன்பதாவது கேள்விக்கு மொத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது தனியாகவே மணி அடிக்க வேண்டும். அடித்தால் யார் கூப்பிடுவார், எத்தனை மணி நேரத்துக்குள் என்று நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். பிஃப்ரெண்டர்ஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணைக் கடைசித் திரையில் ஒட்டினால் போதாது. 2023 வரை இங்கே மலேசியாவில் தற்கொலை முயற்சியே குற்றம், தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. அந்தப் பயம் தோட்டத்தில் அவ்வளவு சீக்கிரம் போகாது, "யாருக்கும் சொல்ல மாட்டோம்" என்றால் நம்பவும் மாட்டார்கள். கோ-சூப்பர்வைசராக ஒரு மனநல மருத்துவரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ கேளுங்கள். உங்களுக்கு இடம் தருவதாகச் சொன்னவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களைத் தனியாகப் பிடித்து, கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது, டேட்டா யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். மாணவர்களிடம் பேசவே விடாதவர் என்றால் அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லிந்தாங் பையன்:
டீச்சர், கோ-சூப்பர்வைசர் என்ன பசாரில் கிடைக்கிற பொருளா? கோட் எழுதத் தெரிந்தவருக்கு நோயாளி தெரியாது, நோயாளி தெரிந்தவருக்கு நேரம் இல்லை. மாடல் தப்பாக இருந்தால் மணி தப்பான ஆளுக்கு அடிக்கும், அதையும் யோசியுங்கள்.

செம்பனைக்காட்டுக்காரி:
தம்பி, ஒன்பதாவது கேள்விக்கு மாடலே வேண்டாம், அவர்களே டிக் போடுவதுதானே. டீச்சர் சொன்ன மாதிரி மருத்துவர் ஒருவரைச் சேர்க்கலாமா என்று இடம் தருவதாகச் சொன்னவருக்கு எழுதினேன். "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்று ஒரே வரி. ஈப்போவில் இந்த மாதிரி வேலைக்கு ஒத்துக்கொள்ளும் மருத்துவர் யாரையாவது தெரிந்தால் தனியாக மெசேஜ் போடுங்கள்.