குடும்பக் குழு: விடியாத நேரத்து டிரான்ஸ்போர்ட்

அக்கா: இன்றைக்கும் பள்ளி வண்டிக்காரர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். 5:50க்கு வண்டி, என் மகன் கண் திறந்தது 6:10க்கு. டர்பன் பக்கம் இருக்கிற நம்ம சாட்ஸ்வொர்த்திலிருந்து நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு லேட். யாராவது அவனிடம் பேசுங்களேன்.

பெரியம்மா: போனைப் பிடுங்கி வை, தானாக எழுவான். காவடிக்கு மட்டும் 3 மணிக்கே குளித்து நின்றானே?

நான்: ஒருநாள் எழுவது வேறு, வாரம் முழுக்க எழுவது வேறு பெரியம்மா. அன்று கோயிலிலிருந்து வந்து ராத்திரி வரைக்கும் தூங்கினான், அதையும் சொல்லுங்கள். இந்தப் பதின்ம வயதில் மெலடோனின், அதாவது இருட்டினதும் உடம்பில் சுரக்கிற தூக்க ஹார்மோன், சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளித்தான் சுரக்கத் தொடங்கும். 9 மணிக்குப் படு என்றால் படுப்பான், தூக்கம் வராது. 11க்குத் தூங்கி 5:15க்கு எழுந்தால் ஆறேகால் மணி நேரம்தான் ஆகிறது, 13 முதல் 18 வயது வரை 8லிருந்து 10 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள்.

மாமா: அப்போ போன் மேல் குற்றமே இல்லையா?

நான்: இருக்கு மாமா. அந்த வெளிச்சம் தூக்கத்தை இன்னும் தள்ளிவிடும். ஆனால் போனை எடுத்துவிட்டாலும் 5:15 என்பது அவன் உடம்புக்கு நடுராத்திரி மாதிரிதான். பள்ளி தொடங்கும் நேரத்தையே 8:30 மாதிரி தள்ளி வைக்கணும்.

மாமா: சரி, பள்ளியை 8:30க்கு மாற்றினால் யார் கொண்டுபோய் விடுவது? எனக்கு 7 மணி ஷிப்ட். ஜூன் மாதம் டர்பனில் 5 மணிக்கே இருட்டிவிடும், கால்பந்து முடிந்து பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

நான்: நியாயமான கேள்விதான். அதே ஜூனில் விடிய 6:50 ஆகிறதே, காலையிலும் பிள்ளைகள் இருட்டில்தானே நிற்கிறார்கள்? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளை 7:50லிருந்து 8:45க்கு மாற்றினார்கள். பிள்ளைகள் அதைச் சாக்காக வைத்து ராத்திரி கூடுதலாக விழித்திருக்கவில்லை, பள்ளி நாட்களில் சுமார் 34 நிமிடம் அதிகமாகத் தூங்கினார்கள். கலிஃபோர்னியாவில் 2022லிருந்து 8:30க்கு முன்னால் உயர்நிலைப் பள்ளி தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கு.

அண்ணி: அமெரிக்கச் சட்டம் நமக்கு எதற்கு, இங்கேயே வழி இருக்கு. 1996ஆம் வருஷத்துத் தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டத்தில் 20ஆவது பிரிவைப் பாருங்கள், பள்ளி நேரத்தை முடிவு செய்வது எஸ்.ஜி.பி., அதாவது பள்ளி நிர்வாகக் குழுதான், பள்ளி ஊழியர்களின் வேலை நிபந்தனைக்கு ஒத்துப்போனால் போதும். அந்தக் குழுவில் ஓட்டுப் போடுகிறவர்களில் பெற்றோர்தான் மற்ற எல்லாரையும் சேர்த்ததைவிட ஒருவர் அதிகம். நாம்தான் கூட்டத்துக்கே போவதில்லை, ஃபீஸ் ஏற்றினால் மட்டும் ஓடுகிறோம் 😏

அக்கா: கூட்டம் அடுத்த தவணையில்தான். அதுவரைக்கும்?

மாமா: உன் வீடுதானே வண்டியின் முதல் நிறுத்தம்? ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்ப உங்கள் பக்கமாகத்தான் போகிறார். கடைசியாக ஏற்றச் சொல், 6:30 ஆகிவிடும். அதிலேயே 40 நிமிடம் வந்துவிட்டது.

அக்கா: அட ஆமாம்! இது தோணவே இல்லை. இன்றைக்கே கேட்கிறேன், இன்னும் 50 ராண்ட் கேட்டாலும் பரவாயில்லை.

பெரியம்மா: எல்லாம் சரி, போன் மட்டும் ராத்திரி ஹாலில்தான் சார்ஜ் ஏற வேண்டும்.

அக்கா: சரி பெரியம்மா. மாமா, கூட்டத்துக்கு நீங்களும் வரணும், ஷிப்ட் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

மாமா: தேதியைச் சொல், மாற்றிக்கொள்கிறேன்.