வீட்டில் படுத்திருக்கும் அம்மாவா, லாட்ஜில் தவிக்கும் நோயாளியா: எது ஊழியம்?

காட்பாடிக்காரன்:
எங்கள் சபையின் வாலிபர் குழு சனிக்கிழமைதோறும் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளுக்குப் போகிறது. வங்காளம், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்து பாஷை தெரியாமல் நிற்பவர்களுக்கு மருந்துச்சீட்டைப் படித்துச் சொல்வது, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது, கஞ்சி வாங்கித் தருவது என்று வேலை. குழுவில் முன்னால் நின்ற ஒரு அண்ணன், பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று விலகிவிட்டார். 'வீட்டைச் சாக்குச் சொல்லி ஊழியத்தை விட்டுவிட்டார்' என்று சபையில் பேசுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன், அதாவது பராமரிக்காதவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறதே. அவர் செய்வதும் ஊழியம்தான்.

ஆற்காடு ரோடு:
அம்மாவைப் பார்ப்பது கடமை. அதை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் எல்லாக் கடமைக்கும் ஊழியம் என்று பேர் வைத்தால் வெளியே இருப்பவனுக்கு யார் போவது? உங்களைச் சிநேகிக்கிறவர்களையே சிநேகித்தால் பலன் என்ன, வரி வசூலிக்கும் ஆயக்காரரும் அப்படிச் செய்கிறார்களே என்று ஆண்டவரே கேட்டார். நீங்கள் காட்டும் வசனத்தைச் சுற்றியுள்ள பகுதியையும் வாசியுங்கள் தம்பி. அது ஆதரவில்லாத விதவைகளைப் பற்றியது. நம் ஆட்கள் அதை வைத்துக்கொண்டு மகள் நகை, மகன் கோச்சிங் கட்டணம், மாடிக்கு மேல் மாடி எல்லாவற்றையும் 'வீட்டு விசாரிப்பு' ஆக்கிவிட்டார்கள். இந்த ஊரில் சிஎம்சி ஆஸ்பத்திரி நிற்பதே அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அப்படி நினைக்காததால்தான்.

பாகாயம் அக்கா:
ஐயா, ஐடா அம்மையார் கதையை முழுசாகச் சொல்லுங்கள். 1890-ல் அவர் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தது மிஷன் வேலைக்கு அல்ல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள வந்தார். அப்படி இருந்தபோதுதான் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர். ஆனால் ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அம்மாவின் பக்கத்தில் இருந்தவருக்குத்தான் வாசலுக்கு வந்த குரல் கேட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் குருசேகரத்தில், அதாவது எங்கள் ஆயரின் கீழுள்ள சபைகளில், ஆண்கள் வெளியே ஊழியத்துக்குப் போய்வந்து சாட்சி சொல்கிறார்கள். அந்த நேரம் அவர்களுடைய அம்மாவுக்குப் பீ, மூத்திரம் எடுப்பது யார்? மருமகள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும், ராத்திரியும்தான். அவள் பேர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. ஒரு ஆண்பிள்ளை அந்த வேலையைக் கையில் எடுத்ததும்தான் இது ஊழியமா இல்லையா என்ற கேள்வியே வருகிறது!

ஆற்காடு ரோடு:
மருமகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை அக்கா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐடா அம்மையார் தாயோடு நின்றுவிடவில்லையே. திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்து 1900-ல் வந்தார், 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தார், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் நின்று வைத்தியம் பார்த்தார். வீடே போதும் என்றிருந்தால் இது எதுவும் இல்லை.

காட்பாடிக்காரன்:
வீடே போதும் என்று அந்த அண்ணனும் சொல்லவில்லையே ஐயா. மாற்கு 7-ல் 'கொர்பான்', அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார். காணிக்கையைக் காட்டித் தப்பிப்பது தவறென்றால் சனிக்கிழமைக் குழுவைக் காட்டித் தப்பிப்பதும் தவறுதானே. சிலுவையில் உயிர் போகிற நேரத்திலும் அம்மாவை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

ஆற்காடு ரோடு:
அந்தச் சீஷன் அவருக்கு ரத்த சொந்தம் என்று எழுதியிருக்கவில்லையே தம்பி. அதைத்தான் நானும் சொல்கிறேன். சொந்தம் இல்லாதவனும் மகனாக நிற்கவேண்டும். லாட்ஜில் கிடப்பவனுக்கு அக்கம்பக்கம் யாரும் இல்லை. உங்கள் அண்ணனுக்குப் பக்கத்துத் தெருவில் தங்கை இருக்கிறாள், சபை இருக்கிறது.

சத்துவாச்சாரி மருமகள்:
சபை இருக்கிறது என்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். மாமியாருக்கு மறதி நோய். கதவைத் திறந்துவைத்தால் ஹைவே பக்கம் நடந்துவிடுவார். ஆராதனைக்குப் போயே ரொம்ப நாளாகிறது. ஆயர் வந்து ஜெபிக்கிறார், நற்கருணை கொடுக்கிறார், சந்தோஷம்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பழம் கொண்டுவருகிறார்கள். அவர்கள் வந்தால் நான் காபி போட எழுந்திருக்கவேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டியது இரண்டு மணி நேரம். யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ரேஷன் கடைக்குப் போவேன், பேங்க் வேலை முடிப்பேன், இல்லை சும்மா தூங்குவேன்.

காட்பாடிக்காரன்:
அக்கா, எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வாரம் இரண்டு பேரை வீடுகளுக்கு ஒதுக்கச் சொல்லி இந்த ஞாயிறு கமிட்டியில் கேட்கிறேன். முதலில் அந்த அண்ணன் வீட்டுக்கு.

ஆற்காடு ரோடு:
லாட்ஜ் வேலையில் ஆள் குறையக்கூடாது, அதில் நான் மாறமாட்டேன். வீட்டுக்கு ஒதுக்கும் இரண்டு பேர் புது ஆட்களாக இருக்கட்டும். ரிட்டயர் ஆனவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறோம்.

பாகாயம் அக்கா:
ஐயா, வருகிறவர்கள் பேச்சுத்துணையாக மட்டும் வரவேண்டாம். ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கவும் துணி மாற்றவும் நான் சொல்லித்தருகிறேன். நான் நர்ஸாக வேலை பார்த்தவள். ஆண்களும் கற்றுக்கொள்ள வரவேண்டும்.