பிரேமன் இலக்கியப் பரிசு: பட்டியலில் குந்தர் கிராஸ் வருவாரா, மாட்டாரா?

ஏட்டுச்சுவடி (கேள்வி):

ஜெர்மன் மொழிப் படைப்புகளின் தமிழ்த் தொகுப்பு ஒன்றுக்கு ஆசிரியர் குறிப்புகள் தயாராகின்றன. ஏழெட்டுப் பேரின் குறிப்பில் பிரேமன் நகர இலக்கியப் பரிசு வருகிறது. நான்கு இடங்களில் சிக்கல். குந்தர் கிராஸ் இந்தப் பரிசு பெற்றதாகச் சில குறிப்புகள் சொல்கின்றன, சில பட்டியல்களில் அவர் பெயரே இல்லை. ஒரே எழுத்தாளருக்கு இரண்டு விதமாக ஆண்டு கிடைக்கிறது. ஹெர்ட்டா முல்லர் பெயர் சில இடங்களில் மட்டும் வருகிறது. கடைசியாக, ஒரு நகரத்தின் பரிசு பாரிஸில் வாழ்ந்த பால் செலானுக்கு எப்படிப் போனது? தெரிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

வடகடல்:

கிராஸ் பரிசு பெறவில்லை. 1960-ஆம் ஆண்டுப் பரிசை 'தகர முரசு' நாவலுக்குக் கொடுப்பது என்று நடுவர் குழு முடிவெடுத்தது. நாவல் வெளிவந்தது 1959-இல். அந்த ஆண்டின் இறுதியில் பிரேமன் செனட் அந்த முடிவை ஏற்க மறுத்துவிட்டது. நாவலின் பாலியல் பகுதிகளைக் காட்டித்தான் எதிர்ப்பு எழுந்தது. ஆகவே 1960-க்கு நேரே "பரிசு வழங்கப்படவில்லை" என்று போடுங்கள். 1959-க்கு உரியவர் ரோல்ஃப் ஷ்ரோர்ஸ். முடிவும் மறுப்பும் 1959-இல் நடந்ததால்தான் அந்த ஆண்டைக் கிராஸின் பெயரோடு சேர்த்து எழுதிவிடுகிறார்கள். குறிப்பில் "நடுவர் குழு தேர்ந்தெடுத்தது, நகர அரசு மறுத்தது" என்றே எழுதலாம். அவருடைய வாழ்க்கையில் அது முக்கியமான செய்தி, விட்டுவிட வேண்டாம்.

இங்கே "செனட்" என்பதை "மேலவை" என்று மொழிபெயர்த்தால் பெரும் பிழை. பிரேமன் ஒரு நகரம் மட்டுமல்ல, ஜெர்மன் கூட்டாட்சியின் ஒரு மாநிலமும்கூட. அதன் செனட் என்பது அமைச்சரவை, செனட்டர் என்பவர் அமைச்சர். கிராஸின் பரிசைத் தடுத்தது சட்டமன்றமோ பல்கலைக்கழகமோ அல்ல, ஆட்சியில் இருந்தவர்கள். "மாநில அமைச்சரவை" என்று எழுதினால் வாசகருக்கு உடனே விளங்கும்.

அந்தச் சர்ச்சையின் விளைவுதான் 1961-இல் உருவான ருடால்ஃப் அலெக்ஸாண்டர் ஷ்ரோடர் அறக்கட்டளை. பரிசு அமைச்சரவையின் கையிலிருந்து அறக்கட்டளைக்கு மாறியது. 1962-இல் சீக்ஃப்ரீட் லென்ஸ் பெற்றது இந்தப் புதிய ஏற்பாட்டில்தான். இரண்டு காலத்தையும் ஒரே வாக்கியத்தில் "பிரேமன் அரசு வழங்கும் பரிசு" என்று அடக்கிவிடாதீர்கள்.

பிழைதிருத்தி:

ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணம் நாள்காட்டி. அந்த அறக்கட்டளையின் பெயருக்குரிய ஷ்ரோடர் பிறந்தது 1878 ஜனவரி 26, பிரேமனில். அவர் கவிஞர், கட்டடக் கலைஞர், ஹோமரையும் விர்ஜிலையும் ஜெர்மனில் தந்தவர். பரிசளிப்பு அந்தப் பிறந்தநாளை ஒட்டி, நகர மன்றக் கட்டடத்தின் மேல்தள மண்டபத்தில் நடப்பது மரபு. ஜனவரியில் விழா என்றால் தேர்வு முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும், நூலும் அதற்கு முன்பே வந்திருக்கும். ஆகவே "அறிவித்த ஆண்டு", "நூல் வந்த ஆண்டு" என்று எது கிடைத்தாலும் ஒதுக்கிவிட்டு, விழா நடந்த ஆண்டை மட்டும் பரிசாண்டாகக் கொள்ளுங்கள்.

இதில் கவனமாக இருக்க வேண்டியவர் ஸேபால்ட். அவர் 2001 டிசம்பர் 14 அன்று சாலை விபத்தில் இறந்தார். 'ஆஸ்டர்லிட்ஸ்' நாவலுக்கான பரிசு 2002-க்கு உரியது. "மறைவுக்குப் பின்" என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். பீட்டர் வைஸ் கதை வேறு. அவருக்கு 1982-இல் இரண்டு பரிசுகள். பிரேமன் பரிசு ஜனவரிக்கு உரியது, அவர் மறைந்தது மே மாதம். மறைவுக்குப் பின் வந்தது மற்றொரு ஜெர்மன் இலக்கிய விருதான ப்யூஹ்னர் பரிசு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது எளிது.

ஹெர்ட்டா முல்லர் 1985-இல் பெற்றது ஊக்கப் பரிசு. 1977 முதல் முதன்மைப் பரிசோடு சேர்த்து இதுவும் வழங்கப்படுகிறது. டுர்ஸ் க்ரூன்பைன் (1992), யூலி ட்ஸே (2002) ஆகியோரும் அந்த வரிசைதான். தொகை வேறுபாடும் பெரிது: அண்மைய ஆண்டுகளில் முதன்மைப் பரிசு 25,000 யூரோ, ஊக்கப் பரிசு 6,000 யூரோ. பரிசின் ஜெர்மன் பெயருக்கு முன்னால் "ஃபோர்டர்" என்று ஒட்டியிருந்தால் ஊக்கப் பரிசு என்று தெரிந்துகொள்ளலாம். முதன்மைப் பரிசு பெற்று, பின்னர் நோபலும் பெற்றவர்கள் பீட்டர் ஹான்ட்கே (1988), எல்ஃப்ரீட யெலினெக் (1996).

சில ஆண்டுகளில் இருவர் பகிர்ந்திருக்கிறார்கள். 1957-இல் இங்கெபோர்க் பாஹ்மனோடு கெர்ட் ஓல்ஷ்லேகல். பாஹ்மன் குறிப்பில் "பகிர்ந்து" என்ற ஒரு சொல் போதும்.

கரையேறிய புட்டி:

பாரிஸ் கேள்விக்கு: பரிசு நகரத்தின் பெயரில் இருக்கிறது, ஆனால் பெறுபவர் அந்த ஊர்க்காரராக இருக்கத் தேவையில்லை. 1954-இல் முதலில் பெற்ற ஹைன்ரிஹ் ஷ்மிட் பாரியன் அந்த வட்டாரத்தின் மொழியான தாழ்நில ஜெர்மனில் எழுதியவர். அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே பரிசு ஜெர்மன் மொழி முழுவதற்குமாக விரிந்துவிட்டது. பாஹ்மன், பெர்ன்ஹார்ட், யெலினெக், ஹான்ட்கே எல்லோருமே ஆஸ்திரியர்கள்.

செலானின் குறிப்பில் பரிசின் பெயரோடு நிறுத்திவிட்டால் அது பெரிய இழப்பு. 1958 ஜனவரி 26 அன்று அவர் ஆற்றிய ஏற்புரை அவருடைய கவிதைக்கான திறவுகோல். நாஜிக் காலத்தில் பெற்றோரை இழந்தவர், கொன்றவர்களின் மொழியிலேயே எழுதியவர். இழப்புகளின் நடுவே இழக்கப்படாமல் எஞ்சியது மொழி ஒன்றே, ஆனால் அது தன் விடையின்மைகளைக் கடந்து வர வேண்டியிருந்தது என்கிறார். கவிதையைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்ட செய்திக்கு ஒப்பிட்டதும் அங்கேதான். அந்த மேடையில் இரண்டு ஆண்டு முன்னால் பரிசு வாங்கியவர், ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் ஜெர்மன் படை அதிகாரியாக இருந்த எர்ன்ஸ்ட் யூங்கர். இந்த இரண்டு வரிகளையும் பட்டியலில் அடுத்தடுத்துப் படிக்கும்போது அந்த உரையின் கனம் கூடுகிறது.

உரையை மொழிபெயர்ப்பவர்கள் முதல் வாக்கியத்திலேயே தடுக்கி விழுகிறார்கள். ஜெர்மனில் "டெங்கன்" என்றால் நினைத்தல், "டாங்கன்" என்றால் நன்றி கூறல், இரண்டுக்கும் ஒரே வேர். அங்கிருந்து நினைவுகூர்தல், மறவாதிருத்தல், நினைவுப்பொருள், வழிபாட்டு ஒருமை என்று அதே வேரின் சொற்களாக அடுக்கிப் போகிறார். தமிழில் "நினை" வேறு, "நன்றி" வேறு. "ஒரே வேர்" என்று அப்படியே எழுதினால் தமிழ் வாசகரிடம் பொய் சொன்னதாகிவிடும். இரண்டு ஜெர்மன் சொற்களையும் தமிழ் எழுத்தில் வைத்துப் பொருளைப் பக்கத்திலேயே தருவதுதான் நேர்மை. மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் "நன்றி மறவாமை" என்ற நம் சொல்லாட்சியைச் சுட்டலாம். நன்றியையும் நினைவையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கும் உண்டு என்பதை அது காட்டும். அதை உரைக்குள் நுழைக்க வேண்டாம்.

ஏட்டுச்சுவடி:

மிக்க நன்றி. கிராஸ், முல்லர் இரண்டு குறிப்பும் திருத்தியாயிற்று. பெர்ன்ஹார்ட் பரிசுத் தொகையில் வீடு வாங்கினார் என்று ஒரு வரி இருக்கிறது. வைக்கலாமா?

பிழைதிருத்தி:

வைக்கலாம், ஒரு சொல் மாற்றத்தோடு. 1965-இல் அவருக்குக் கிடைத்தது 10,000 மார்க். மேல் ஆஸ்திரியாவின் ஓபர்நாட்டாலில் இருந்த பழைய பண்ணை வீட்டுக்கு அது முன்பணம் மட்டுமே, முழு விலை அல்ல. "முன்பணம் கட்டினார்" என்று எழுதுங்கள்.

பெயர்களையும் ஒருமுறை பாருங்கள். "குந்தர்" என்பதைச் சிலர் "குண்டர்" என்று எழுதுகிறார்கள், அச்சில் போனால் பொருளே கெட்டுவிடும். செலான் என்பதை ஜெர்மனில் "ட்ஸெலான்" என்றுதான் உச்சரிப்பார்கள், ஆனால் தமிழில் "செலான்" நிலைத்துவிட்டது, அதையே வையுங்கள்.