ட்யூப் உள்ள பம்பா, ஆம்னிபாடா? நாளுக்கு 72 யூனிட் போடுபவருக்கு எது ஒத்துவரும்?

கடலோரம்:
வணக்கம். எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். ஊசியில் நாளுக்கு மொத்தம் 72 யூனிட். அதில் 34 நீண்ட நேர இன்சுலின், மீதி சாப்பாட்டுக்கு. இன்சுலின் பம்புக்கு மாறுகிறேன்: ட்யூப் உள்ள மினிமெட் 780ஜி, டி-ஸ்லிம் எக்ஸ்2, ட்யூப் இல்லாமல் உடலில் ஒட்டும் ஆம்னிபாட் 5 மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆம்னிபாட் 200 யூனிட்தான் பிடிக்கும், மூன்று நாள் ஓட வேண்டும். 72 × 3 = 216. அப்படியானால் அது கணக்கிலிருந்தே போய்விடுகிறதா? மற்ற இரண்டுக்கும் நடுவே உண்மையில் என்ன வித்தியாசம்?

நுண்துளி:
ஊசி அளவை அப்படியே பம்புக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பம்புக்கு மாறும்போது வழக்கமாக 20 முதல் 25 சதவீதம் குறைத்துத்தான் தொடங்குவார்கள். 72-ல் கால் பங்கு போனால் 54. அதில் பாதி பேசல் (நாள் முழுதும் மெதுவாக ஓடும் இன்சுலின்) என்றால் 27 யூனிட், மணிக்குச் சுமார் 1.1. மூன்று நாளைக்கு 162. ஆக 200 போதும். முழுக்க நிரப்பினால் மிச்சம் வீணாகும். முதல் இரண்டு மூன்று முறை செலவைப் பார்த்துவிட்டு 175 அளவில் நிரப்பலாம். 85-க்குக் குறைவாக நிரப்பினால் அது வேலையே தொடங்காது. இருப்பு 50-க்கு இறங்கும்வரை திரையில் "50+" என்று மட்டுமே காட்டும் என்பதால், எவ்வளவு நிரப்பினோம் என்று குறித்து வைப்பது நல்லது.

மற்ற இரண்டிலும் 300 பிடிக்கும். ஆனால் டி-ஸ்லிம் கார்ட்ரிட்ஜை (இன்சுலின் நிரப்பும் கூடு) லிஸ்ப்ரோ என்ற விரைவு இன்சுலின் என்றால் 48 மணி நேரத்தில், ஆஸ்பார்ட் என்ற இன்னொரு வகை என்றால் 72 மணி நேரத்தில் மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் 100 உங்களுக்குப் பெரிதாக உதவாது. ஏழு நாள் தாங்கும் எக்ஸ்டெண்டட் செட்டோடு (பம்பை உடலோடு இணைக்கும் குழாயும் ஊசியும்) 780ஜி எடுத்தால்தான் கொள்ளளவு முக்கியமாகிறது; அங்கேகூட 54 × 7 = 378, ஐந்து நாளில் ரிசர்வாயர் காலியாகிவிடும்.

இரவுக்காவல்:
கொள்ளளவை விடுங்கள். ஆட்டோவில் (சென்சார் காட்டும் சுகரைப் பார்த்துப் பம்பே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முறை) ஓடும்போது எந்தப் பம்ப் நீங்கள் கொடுத்த எந்த எண்ணைக் கேட்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். வாங்கிய பிறகு பலர் தவறான எண்ணைத் திருகிக்கொண்டு "ஏன் மாறவே மாட்டேன் என்கிறது" என்று தவிப்பது இதனால்தான்.

780ஜி, ஆட்டோவில் நீங்கள் எழுதிய பேசல் ரேட்டைப் பார்ப்பதில்லை. இலக்கு சுகர் (100, 110, 120 mg/dL), ஆக்டிவ் இன்சுலின் நேரம் (போட்டது எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்ற கணக்கு), கார்ப் ரேஷியோ (ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு) இவைதான் அதைத் திருப்பும். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட கரெக்ஷன் போலஸ் (ஏறிய சுகரை இறக்க ஒரே தடவையில் கொடுக்கும் அளவு) தானாகக் கொடுக்கும். இலக்கு 100, ஆக்டிவ் இன்சுலின் நேரம் 2 மணி நேரம் என்று வைத்தால் இறுக்கமாக வேலை செய்யும்.

டி-ஸ்லிம் நேர்மாறு. அதன் ஆட்டோவான கன்ட்ரோல்-ஐக்யூ உங்கள் பேசலையும் கரெக்ஷன் ஃபாக்டரையும் (ஒரு யூனிட் சுகரை எவ்வளவு இறக்கும் என்ற எண்) அடிப்படையாக வைத்துத்தான் கூட்டிக் குறைக்கிறது. அவை தப்பென்றால் ஆட்டோவும் தப்பு. சுகர் 180-ஐத் தாண்டும் என்று கணித்தால் கணக்கிட்ட கரெக்ஷனில் 60 சதவீதம் கொடுக்கும், அதுவும் மணிக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை. ஸ்லீப் மோடில் அந்தத் தானியங்கி போலஸ் கிடையாது. பேசலை மட்டும் ஏற்றி இறக்கும்.

ஆம்னிபாட் 5 தானாக போலஸ் கொடுக்காது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிறு துளியாகவே கூட்டும். அது கற்றுக்கொள்வது உங்கள் மொத்தத் தினசரி அளவிலிருந்து. உணவுக்கு போலஸ் போடாமல் விட்டுவிட்டு அது சமாளிக்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

என் கருத்து: உணவுக்கு முன் போலஸ் போட அடிக்கடி மறப்பவருக்கு 780ஜி. எண்களைத் தானே சீர்செய்ய விரும்புபவருக்கு டி-ஸ்லிம்.

துருவித்துருவி:
மூன்றிலும் பொதுவான பலவீனம் ஒன்று, அதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பம்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது. வழி அடைபட்டால் சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும்.

அலாரத்தை நம்ப முடியாது. குழாய்க்குள் அழுத்தம் சேர்ந்தால்தான் அது அடிக்கும். பேசல் மெதுவாக ஓடும் இரவில் அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். கானுலா (தோலுக்குள் இருக்கும் மென்குழாய்) மடங்காமல் ஓரமாகக் கசிந்தால் அழுத்தமே சேராது, அலாரமே வராது. ஒட்டுத்துணியை விரலால் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்: ஈரமும் இன்சுலினுக்கே உரிய மருந்து நெடியும் இருந்தால் கசிவுதான்.

காரணமே தெரியாமல் சுகர் 250-ஐத் தாண்டினால் பம்பில் ஒரு கரெக்ஷன் கொடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் இறங்குகிறதா பாருங்கள். இறங்கவில்லை என்றால் இரத்தக் கீட்டோன் (mmol/L) சோதியுங்கள். 0.6 அல்லது மேல் என்றால் பம்பில் இனி கொடுக்காதீர்கள்: பேனாவில் ஊசியாகப் போட்டு, செட்டை முழுதாக மாற்றுங்கள். 1.5-க்கு மேல் மருத்துவரை அழையுங்கள்; 3 எட்டினாலோ வாந்தி வந்தாலோ மருத்துவமனைதான்.

இங்கே பலர் தவறவிடுவது: உள்ளே போகாத இன்சுலினைப் பம்ப் "போனது" என்று கணக்கில் வைத்திருக்கும், நீங்கள் ஊசியாகப் போட்டது அதற்குத் தெரியவே தெரியாது. அந்த ஊசியின் வேலை முடியும்வரை ஆட்டோவை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து சுகர் விழும்.

குளிக்க ட்யூபைக் கழற்றும்போதும் இதே கதை. சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்யாமல் கழற்றினால் தரையில் சொட்டியதும் உங்கள் கணக்கில் ஏறும்.

செட் மாற்றுவதைப் படுக்கப்போகும் நேரத்தில் செய்யாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து சுகர் பார்க்க நீங்கள் விழித்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்சுலினை நிரப்பினால் பிறகு குமிழி வரும், அறை வெப்பத்துக்கு வந்த பின் நிரப்புங்கள். ட்யூபை நிரப்பும்போது அது உடலில் மாட்டியிருக்கவே கூடாது. டெஃப்லான் கானுலா அடிக்கடி மடங்கினால் எஃகு ஊசி செட் கேளுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆனால் மடங்காது.

எம்ஆர்ஐ எடுக்கும் முன் எந்தப் பம்பையும் கழற்ற வேண்டும். ட்யூப் பம்பைத் திரும்ப மாட்டலாம். ஆம்னிபாட் கழற்றினால் குப்பைக்குத்தான்.

கடலோரம்:
மிக்க நன்றி. பம்புக்கு மாறிய பிறகும் நீண்ட நேர இன்சுலின் பேனா கையில் இருக்க வேண்டுமா?

துருவித்துருவி:
கட்டாயம், காலாவதி தேதியையும் பார்த்து வையுங்கள். பம்பில் உள்ள பேசல் மொத்தம், கார்ப் ரேஷியோ, கரெக்ஷன் ஃபாக்டர் மூன்றையும் காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள், பம்ப் செத்தால் அந்த எண்களும் அதோடு போய்விடும். பம்ப் நின்றால் எத்தனை யூனிட் போடுவது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட நேர இன்சுலின் வேலையைத் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம். அந்த இடைவெளிக்கு விரைவு இன்சுலின் எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.