தெரியாதவங்கள பாத்து சிரிச்சா திருப்பி சிரிக்கவே மாட்டேங்கறாங்க, நான் தான் லூசா?

அரைத்தூக்கம்:

மக்களே ஒரு சந்தேகம். ஜெர்மனி வந்து நாலு மாசம் ஆகுது. எனக்கு சின்ன வயசுல இருந்தே ஒரு பழக்கம், எதிர்ல வர்றவங்க கண்ணும் என் கண்ணும் பாத்துகிட்டா வாய் தானா லேசா விரிஞ்சிரும், யோசிச்சு செய்றதில்ல, தும்மல் மாதிரி அது. இங்க வந்தப்புறம் தான் அது ஒரு பிரச்சனைனே தெரியுது. ரோட்ல ஒருத்தர பாத்து சிரிச்சா அவர் என் மூஞ்சியையே உத்து பாக்குறார், சிரிப்பும் இல்ல கோவமும் இல்ல, எக்ஸ்ரே எடுக்குற மாதிரி பாத்துட்டு போயிட்டே இருக்கார். போன வாரம் ட்ராம்ல எதிர் சீட்ல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், நான் சிரிச்சதும் குனிஞ்சு தன்னோட கோட்டை பாத்தாங்க, ஏதாச்சும் ஒட்டிருக்கான்னு. அப்புறம் நேராவே கேட்டுட்டாங்க, நமக்கு முன்னாடி பழக்கமான்னு. இல்லைங்கன்னு சொன்னேன். அப்ப எதுக்கு சிரிச்சன்ற மாதிரி ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, அடுத்த ஸ்டாப்லயே இறங்கிட்டேன், நான் இறங்க வேண்டிய ஸ்டாப் அது இல்ல.

என் கேள்வி இதான். இங்க இருக்கவங்களுக்கு நம்மள பிடிக்கலையா, இல்ல எல்லாருக்கும் இப்படித்தானா? இந்த பழக்கத்த நிறுத்தணுமா? வேற நாட்டுல இருக்கவங்களும் சொல்லுங்க.


குடைக்காரன்:

தம்பி, முதல்ல அந்த எக்ஸ்ரே பார்வைய மனசுல வச்சுக்காத. இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு எனக்கு, முதல் ஒரு வருஷம் நானும் அப்படித்தான் நினைச்சேன். அவங்க ஊர்ல உத்து பாக்குறது தப்பே கிடையாது, ஜன்னல் வழியா மரத்த பாக்குற மாதிரி மனுஷன பாக்குறாங்க, அவங்களுக்குள்ளயே அப்படித்தான் பாத்துக்கிறாங்க. நிறத்த வச்சு முறைக்கிற ஆளுங்க இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது வேற பார்வை, ரெண்டு தடவை பட்டா உனக்கே வித்தியாசம் தெரிஞ்சிரும்.

நீ தப்பான இடத்துல தப்பான சாமானை நீட்டுற, அவ்ளோதான். இங்க முன்ன பின்ன தெரியாதவங்கள மதிக்கிறதுக்கு வாய் தான், பல்லு இல்ல. புரியலையா? டாக்டர் கிளினிக்ல வெயிட்டிங் ரூம் இருக்குல்ல, அதுக்குள்ள நுழையறப்ப பொதுவா எல்லாருக்கும் சேர்த்து ஒரு குட்டன் டாக் சொல்லணும், நம்ம வணக்கம் மாதிரி. உள்ள ஆறு பேர் உக்காந்திருப்பாங்க, ஒருத்தரும் தலைய தூக்க மாட்டாங்க, மேகசின்ல இருந்து கண்ணை எடுக்க மாட்டாங்க, ஆனா ஆறு பேரும் முணுமுணுன்னு பதில் சொல்லுவாங்க. நீ வாய திறக்காம உள்ள போய் எல்லாரையும் பாத்து அழகா சிரிச்சன்னு வை, அவங்க கணக்குல நீ மரியாதை தெரியாத பையன். எனக்கு இத சொல்லி குடுக்க ஆளே இல்ல, ஒரு வருஷம் வெறும் சிரிப்பை வச்சே ஓட்டினேன்.

லிஃப்ட்லயும் அப்படித்தான், ஏறும்போது ஒரு ஹலோ, இறங்கும்போது ஒரு ச்சூஸ், அதாவது பை, நடுவுல எல்லாரும் கதவை பாத்துட்டு நிப்பாங்க. சின்ன கிராமத்துல தெருவுல போற யாருக்கும் வணக்கம் சொல்லலாம், பெரிய சிட்டில சொன்னா நீ ஏதோ விக்க வந்திருக்கன்னு நினைப்பாங்க. மலைல நடக்க போனா அது தனி உலகம், எதிர்ல வர்ற ஒவ்வொருத்தரும் சொல்லுவாங்க, திங்கக்கிழமை அதே ஆள் ட்ரெய்ன்ல உன் பக்கத்துல உக்காந்தா உன்ன தெரியவே தெரியாது.


பனிப்பூட்ஸ்:

ஹாஹா ட்ராம் அம்மா கோட்டை பாத்தது செம. நான் ரஷ்யால மெடிசின் படிச்சேன், ஆறு வருஷம். அங்க நீங்க சிரிச்சா ஆள் முதல்ல திரும்பி பின்னாடி பாப்பாங்க, வேற யாரையோ பாத்து சிரிக்கிறீங்கன்னு. பின்னாடி யாரும் இல்லன்னா தான் பயமே அவங்களுக்கு.

அங்க ஒரு பழமொழியே இருக்கு, காரணம் இல்லாம சிரிக்கிறது முட்டாளுக்கு அடையாளம்னு. சின்ன புள்ளைங்க கிட்ட சொல்லி சொல்லி வளக்குறாங்க. கடைல கவுண்டர்ல இருக்க அம்மா சிரிக்கலன்னா அது வெறுப்பு இல்ல, அவங்க வேலைல இருக்காங்க, வேலைய சீரியஸா செய்றாங்க, அதான் அர்த்தம். கஸ்டமருக்காக போடுற சிரிப்புக்கு அவங்க வச்சிருக்க பேரு ட்யூட்டி சிரிப்பு, கேலியா தான் சொல்லுவாங்க, வாட்ச்மேன் ட்யூட்டி பாக்குற மாதிரி மூஞ்சில ஒரு சிரிப்பு ட்யூட்டி பாக்குதாம். 2018ல ஃபுட்பால் வேர்ல்ட் கப் நடத்தினப்ப வெளிநாட்டுக்காரங்க பயந்துக்க கூடாதுன்னு ரயில்வே ஸ்டாஃபுக்கெல்லாம் சிரிக்கிறதுக்கு ட்ரெயினிங் குடுத்தாங்க, அது அப்ப நியூஸ்லயே வந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். அதே ஆளுங்க பழகிட்டா, அவங்க வீட்டு கிச்சன்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்கார வச்சு வயிறு வலிக்க சிரிக்க வைப்பாங்க. அங்க சிரிப்புங்கறது உன்ன எனக்கு தெரியும்ங்கறதுக்கு சாட்சி. தெரியாதவன்கிட்ட அத நீட்டினா பொய் சாட்சி ஆயிடுது, அதான் முழிக்கிறாங்க. என் ஹாஸ்டல் வார்டன் மூணாவது வருஷம் தான் என்ன பாத்து சிரிச்சாங்க, அன்னிக்கு நான் வீட்டுக்கு ஃபோன் போட்டு சொன்னேன்னா பாத்துக்கோங்க.


ஒத்தையடி:

எதுக்கு ப்ரோ இவ்ளோ ஆராய்ச்சி, அமெரிக்கா வந்துருங்க, இங்க நாய பாத்து சிரிச்சா நாயோட ஓனரு பேரப்பிள்ளை கதை வரைக்கும் சொல்லிட்டு தான் விடுவார். ஆனா அதுல ஒரு ஏமாத்து இருக்கு, ஹௌ ஆர் யூன்னு சிரிச்சிட்டே கேட்பாங்க, நீங்க நிஜமாவே முதுகு வலினு ஆரம்பிச்சா அவங்க அப்பவே ரெண்டு அடி தள்ளி போயிருப்பாங்க. அது கேள்வி இல்ல, ஹார்ன் அடிக்கிற மாதிரி. முதல் தடவை நான் நின்னு பதில் சொல்லி காத்துகிட்ட பேசிட்டு இருந்தேன்.

ஜெர்மனில சிரிப்பு எடுபடாதுங்கறதுக்கு பெரிய உதாரணமே இருக்கே, வால்மார்ட்னு அமெரிக்க சூப்பர்மார்க்கெட் கம்பெனி 1997ல அங்க கடை தொறந்து வாசல்ல ஆள் நிக்க வச்சு வரவேத்து, பில் போடுறவங்கள சிரிக்க சொல்லி, ஜனங்க மிரண்டு போய் கடைசில 2006ல மூடிட்டு கிளம்பிட்டாங்க. சிரிச்சே ஒரு கம்பெனி திவால்.


மழைநாள்:

ஒத்தையடி, அந்த கதைய எல்லாரும் இப்படியே சொல்றாங்க, பாதி தான் உண்மை. சிரிப்பு சங்கடமா இருந்தது நிஜம், பில் போடுற பொண்ணு சிரிச்சா சில ஆம்பளைங்க தன்கிட்ட வழியறான்னு எடுத்துகிட்டாங்கன்னும் சொல்லுவாங்க. ஆனா அவங்க போனது சிரிப்பால இல்ல, அங்க ஏற்கனவே ரொம்ப கம்மி விலைக்கு விக்கிற கடைங்க வலுவா இருந்துச்சு, தொழிலாளர் சங்கத்தோட ஒத்து போகல, அடக்க விலைக்கு கீழ விக்க சட்டம் விடல. அப்புறம் திவாலெல்லாம் இல்ல, கடைகள வேற கம்பெனிக்கு வித்துட்டு கிளம்பினாங்க. சிரிப்பு கதை சொல்ல ஜாலியா இருக்குங்கறதால அது மட்டும் நின்னுடுச்சு.

சரி நான் சொல்ல வந்தது வேற. இவ்ளோ நேரம் எழுதினவங்க எல்லாம் ஆம்பளைங்கன்னு படிக்கும்போதே தெரியுது, ஏன்னா சிரிச்சா அடுத்து என்ன ஆகும்ங்கற பயமே யாருக்கும் இல்ல. அரைத்தூக்கம் தம்பிக்கு மிஞ்சி மிஞ்சி போனா என்ன ஆச்சு, ஒரு அம்மா கேள்வி கேட்டாங்க. எனக்கு பத்தொம்பது வயசுல பஸ் ஸ்டாப்ல ஒருத்தரை பாத்து மரியாதைக்கு சிரிச்சதுக்கு அவர் நாலு நாள் அதே நேரத்துக்கு வந்து நின்னார். ரஷ்யாவுல முட்டாள்னு பழமொழி, நம்ம பாஷைல பொம்பள சிரிச்சா போச்சு புகையில விரிச்சா போச்சுன்னு பழமொழி, எல்லா ஊர்லயும் சிரிப்புக்கு யாராச்சும் காவல் உக்காந்திருக்காங்க. வேடிக்கை என்னன்னா சிரிக்காம போனாலும் விட மாட்டாங்க, ஏம்மா கொஞ்சம் சிரிச்சா என்னன்னு முன்ன பின்ன தெரியாத ஆளு கேட்பார், அந்த வார்த்தை எந்த ஆம்பளையையும் பாத்து யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அதனால நான் ரொம்ப நாளா வேற வழி வச்சிருக்கேன். உதட்ட மூடிக்கிட்டு தலைய ஒரு இம்மி சாய்க்கிறது, பல்லு தெரியாது, ஒரு நொடி, அப்புறம் கண்ணை எடுத்துரணும். மூணு நாட்டுல இருந்திருக்கேன், எங்கயும் இத யாரும் தப்பா எடுத்துக்கல. சிரிக்கணும்னு தோணினா பொம்பளைங்கள பாத்து சிரிப்பேன், வயசானவங்கள பாத்து சிரிப்பேன். குழந்தைய பாத்து சிரிக்கும்போது கூட முதல்ல அம்மா மூஞ்சிய பாத்துக்குவேன், அவங்களுக்கு சரின்னா சரி.


பாதிப்படிப்பு:

மழைநாள் அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, இருந்தாலும் இது நான் பரீட்சைக்கு படிச்ச சப்ஜெக்ட், கை சும்மா இருக்காது.

எர்விங் காஃப்மேன்னு ஒரு சோசியாலஜிஸ்ட் 1963லயே இத எழுதிட்டார். கூட்டத்துல ஒருத்தர ஒரு நொடி பாத்து, நீ இருக்கறது எனக்கு தெரியுதுன்னு காட்டிட்டு, உடனே கண்ணை விலக்கிக்கிறது. அவரை பொறுத்தவரை அந்த விலக்குறது தான் மரியாதை, உன்மேல எனக்கு சந்தேகமும் இல்ல உன்கிட்ட எனக்கு வேலையும் இல்லன்னு சொல்றது. ட்ரெய்ன்ல யாரும் நம்மள பாக்கலையேன்னு வருத்தப்படுறோம், பாதி பேர் நமக்கு தனிமை குடுத்துட்டு இருக்காங்கன்னு நினைச்சுக்கோங்க.

2016ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, குபா கிரிஸ்னு போலந்துக்காரர் தலைமைல, 44 கலாச்சாரத்துல ஜனங்க கிட்ட சிரிக்கிற ஃபோட்டோவும் சிரிக்காத ஃபோட்டோவும் காட்டி இவர் எவ்ளோ புத்திசாலி, எவ்ளோ நேர்மைன்னு கேட்டாங்க. ஜப்பான், ஈரான், தென்கொரியா, ரஷ்யா மாதிரி இடங்கள்ல சிரிச்ச ஆளுக்கு புத்தி கம்மின்னு மார்க் விழுந்துச்சு. தமாஷ் என்னன்னா ஜெர்மனில சிரிச்ச ஆள் தான் புத்திசாலி. ஆக தம்பி, உங்கள யாரும் லூசுன்னு நினைக்கல, தெருவுல அது எதுக்குன்னு தான் அவங்களுக்கு புரியல. இன்னொண்ணு, ஊழல் அதிகமா இருக்க நாடுகள்ல சிரிச்ச மூஞ்சி மேல நம்பிக்கை குறைவா இருந்துச்சாம், அது எனக்கு ஆராய்ச்சி இல்லாமலே புரியுது, காரியம் ஆகணும்னு வர்றவன் தானே முதல்ல பல்ல காட்டுவான்.

அமெரிக்கால ஏன் அவ்ளோ சிரிப்புன்னு ஒத்தையடி எழுதல. அதுக்கு 2015ல ஒரு விளக்கம் குடுத்தாங்க, பல நாட்டுல இருந்து வந்து குடியேறினவங்க சேர்ந்து வாழ்ற இடத்துல ஒருத்தர் பாஷை ஒருத்தருக்கு தெரியாது, சடங்கு சம்பிரதாயமும் தெரியாது, அப்ப நான் சண்டைக்கு வரலைன்னு காட்ட மூஞ்சிய விட்டா வேற என்ன இருக்கு. தலைமுறை தலைமுறையா ஒரே ஆளுங்க இருக்க ஊர்ல அதுக்கு அவசியம் வரல, யார் என்னன்னு ஏற்கனவே தெரியும். முழு விளக்கமும் இதான்னு நான் நம்பல, ஆனா யோசிக்க வைக்குது.

கடைசியா ஒண்ணு, இது உங்களுக்காகவே. ஜெர்மன்ல ஒருத்தர கண்டுக்காம விடுறதுக்கு அவங்க சொல்றது என்ன தெரியுமா, காத்து மாதிரி நடத்துறதுன்னு. அந்த வார்த்தைய தலைப்புலயே வச்சு 2012ல அமெரிக்கால ஒரு காலேஜ் வளாகத்துல சோதனை பண்ணாங்க. நடந்து போறவங்கள ஒருத்தர் கடந்து போவார், சிலர கண்ணுக்கு நேரா பாப்பார், சிலர பாத்து சிரிப்பார், சிலர கண்ணாடி ஜன்னல் மாதிரி ஊடுருவி தூரத்த பாப்பார். அப்புறம் இன்னொருத்தர் வந்து மத்தவங்ககிட்ட இருந்து விலகி இருக்க மாதிரி தோணுதான்னு கேட்டா, ஊடுருவி பாக்கப்பட்டவங்களுக்கு அந்த உணர்வு அதிகம். சிரிக்கவே வேணாம், கண்ணு பட்டாலே போதும். உங்கள எக்ஸ்ரே எடுத்தாரே ஒருத்தர், அவர் உங்கள காத்தா நடத்தல பாருங்க.


ஈரக்குடை:

ஜப்பான்ல இருந்து ஒரு சின்ன விஷயம். இங்க வாய விட கண்ணை தான் பாப்பாங்க. சிரிச்ச முகத்த டைப் பண்றப்ப கூட மத்த ஊர்ல வாய வளைப்பாங்க, இங்க ரெண்டு கண்ணையும் கூரை மாதிரி போடுவாங்க, வாய் வெறும் கோடு. அதனால மாஸ்க் போட்டுட்டு நான் பல்ல காட்டாம கண்ணாலயே சிரிச்சு ஒரு சின்ன தலையசைப்பு குடுத்தப்ப தான் பக்கத்து ஃபிளாட்காரர் முதல் தடவை திருப்பி குனிஞ்சார். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நான் பல்லு தெரிய சிரிச்சது பூரா வீண். குடைக்காரன் அண்ணா சொன்ன மலை விஷயம் இங்கயும் அப்படியே இருக்கு, மலை பாதைல எல்லாரும் எல்லாருக்கும் கொன்னிச்சிவா, கீழ ஸ்டேஷன் வந்ததும் கப்சிப்.


அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் நன்றி, மழைநாள் அக்கா உங்களுக்கு தனியா, நான் அந்த பக்கம் யோசிச்சதே இல்ல.

அப்டேட். நேத்து பல் டாக்டர் கிட்ட போனேன், வெயிட்டிங் ரூம்ல நுழைஞ்சதும் கண்ணை மூடிட்டு குட்டன் டாக் சொன்னேன், அஞ்சு பேரும் பதில் சொன்னாங்க!! ஒருத்தர் கூட நிமிந்து பாக்கல, ஆனா அஞ்சு குரல், எண்ணினேன். வெளில வரும்போது ச்சூஸ் சொன்னேன், அதுக்கும் பதில். அந்த சந்தோஷத்துல நேரா பஸ் ஏறி, உள்ள இருந்த மொத்த பேருக்கும் சத்தமா குட்டன் டாக் சொன்னேன்.

பஸ்ல சொல்லக்கூடாதுன்னு யாராச்சும் முன்னாடியே சொல்லிருக்கலாம்ல.


குடைக்காரன்:

ட்ரைவருக்கு மட்டும் தம்பி. ட்ரைவருக்கு மட்டும்.