ஆன்டிலாக் (லாக் 2ன்னா எண் 100ன்னு, லாக்லருந்து அசல் எண்ணுக்குத் திரும்புறது) போட்டு மாட்டிக்கிட்ட கதை இருந்தா எழுதுங்க

சிம்மக்கல்_சீனி:
முப்பது வருசம் ஆச்சு, அந்த 0.5 இன்னும் கண்ணுல நிக்குது. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பரீட்சை. கணக்கெல்லாம் ஒழுங்காத்தான் போட்டேன், கடைசியில லாக் மதிப்பு -1.6990னு வந்து நின்னுச்சு. ஹால்ல குடுத்த கிளார்க்ஸ் டேபிள் (லாக், ஆன்டிலாக் மதிப்பெல்லாம் அச்சடிச்ச புத்தகம்) அட்டை கிழிஞ்சு கிடந்துச்சு. ஆன்டிலாக் பக்கத்துல .69 வரிசைக்கு நேரா எவனோ பென்சில்ல அம்பு விட்ட இதயம் வரைஞ்சு வச்சிருந்தான். அதுக்குப் பக்கத்துலயே விரலை ஓட்டுனேன், 9-ஆவது கட்டத்துல 5000. 0.5னு எழுதி, ஸ்கேல் வச்சு ரெண்டு கோடு வேற போட்டேன். வெளிய வேப்பமரத்தடியில பய கேக்குறான், "பார் போட்டியாடா?" பார்னா, முழு எண் மட்டும் குறைன்னு காட்ட அது தலைக்கு மேல போடுற கோடு. அப்பத்தான் வயித்தைப் பிசைஞ்சுச்சு. விடை 0.02. "பார் போடத் தெரியாதவன் பின்னாடி பார்லதான் போய் உக்காருவான்"னு எங்க சார் வருசம் பூரா சொல்லிக்கிட்டே இருந்தாரு.

நாகமலை_நிலா:
உங்களுக்காவது டேபிள். எனக்குக் கால்குலேட்டரே குழி வெட்டிச்சு. எம்.ஃபில் பண்றப்போ ஒரு மருந்து கரைசல்ல எவ்வளவு வேகமா சிதையுதுன்னு பார்த்தேன். எக்செல்ல எல்என் (10க்குப் பதிலா 2.718ஐ அடிமானமா வச்ச லாக், அதான் இயல் மடக்கை) போட்டு கிராஃப் வரைஞ்சா கோடு அம்சமா நேரா வந்துச்சு, செங்குத்து அச்சை 2.30ல வெட்டுச்சு. அதுக்கு ஆன்டிலாக் எடுத்தா ஆரம்பத்துல இருந்த அளவு கிடைக்கணும். கை பழக்கத்துல ஷிஃப்ட், லாக் அழுத்திட்டேன், அது 10 அடிமானத்துக்கு. 199.5னு வந்துச்சு, அப்படியே எழுதிட்டேன். கைடு மேடம் கண்ணாடியை இறக்கிப் பாத்தாங்க. "நீ போட்டதே லிட்டருக்கு 10 மில்லிகிராம். 200 எங்கருந்தும்மா வந்துச்சு, பீக்கருக்குள்ள குட்டி போட்டுச்சா?" லேப் முழுக்கச் சிரிப்பு. ஷிஃப்ட் போட்டு எல்என் அழுத்தியிருந்தா 9.97 வந்திருக்கும். இப்பவும் ஷிஃப்ட் பட்டனைத் தொட்டா அந்தக் குட்டிதான் ஞாபகம் வருது.

ஓய்வு_கணக்கு_ஆசிரியர்:
சீனி தம்பி, "பார் மறந்தேன்" என்று சொல்வதே தவறு. அட்டவணை என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. .0000 முதல் .9999 வரை மிகை எண்களுக்கு மட்டும்தான் அதில் இடம். -1.6990இல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் குறை எண்தான். அதை -2 + 0.3010 என்று மாற்றி எழுதுவதற்குத்தான் பார் 2. இப்போது .3010 பாருங்கள், 2.000. அதை நூறால் வகுத்தால் 0.02. பார் என்பது அலங்காரம் அல்ல.
என் அனுபவம் சிறியது. இரத்தத்தின் பி.ஹெச் 7.4 என்றால் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி 7.4க்கே ஆன்டிலாக் எடுத்து, லிட்டருக்கு 2.5 கோடி மோல் என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளைத் திருத்தாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பி.ஹெச் என்பது அயனி அளவின் லாக்கைக் குறி மாற்றியது, எனவே -7.4க்குத்தான் ஆன்டிலாக் எடுக்க வேண்டும். -7.4 என்பது பார் 8 புள்ளி 6, ஆகவே 3.98ஐப் பத்துக் கோடியால் வகுக்க வேண்டும்.
நிலா, அடிமானம் எதுவானாலும் ஒரே அட்டவணை போதும். கையில் இருக்கும் மடக்கையை (லாக்), அந்த அடிமானத்தின் 10-அடிமான மடக்கையால் பெருக்குங்கள், பிறகு வழக்கம்போல் எதிர்மடக்கை (ஆன்டிலாக்) பாருங்கள். இயல் மடக்கைக்கு 0.4343: உங்கள் 2.30 அதனால் 0.9989 ஆகும், விடை 9.97. அடிமானம் 2 என்றால் 0.3010: 3.5ஐப் பெருக்கினால் 1.0535, விடை 11.31. 2, 3, 7 மூன்றின் மடக்கைகளை (0.3010, 0.4771, 0.8451) மனப்பாடம் செய்துகொண்டால் 4, 5, 6, 8, 9 தானாக வரும். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். 1614இல் நேப்பியர் வெளியிட்டதை 10 அடிமானத்துக்குக் கொண்டுவந்து 1617இல் அச்சிட்டவர் பிரிக்ஸ். அவர் உழைப்பை ஷிஃப்ட் பட்டனில் அடக்கிவிட்டு அலட்சியம் செய்கிறோம்.

சிம்மக்கல்_சீனி:
ஐயா, எனக்கு இன்னும் பேரப்பிள்ளை இல்லீங்க. கதை கேட்டா கிளாஸ் எடுக்குறீங்களே.

மேலூர்_சவுண்டு:
நம்ம கதை வேற ரகம். மாமாவுக்கு மேலூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ். நான் இ.சி.இ முடிச்சுட்டு வெட்டியா சுத்திக்கிட்டிருந்த நேரம். கோயில் கொடைக்கு ஒரு பாக்ஸ் 90 டெசிபல் வருதுன்னு போன் ஆப்ல பாத்துட்டு, "பக்கத்துல அதே மாதிரி இன்னொண்ணு வச்சா 180டா"ன்னாரு. நான் பெரிய இவன் மாதிரி, "இல்ல மாமா, 93தான். டெசிபலைப் பத்தால வகுத்து ஆன்டிலாக் எடுத்து, அதைக் கூட்டி, திரும்ப லாக் போடணும். சத்தத்தோட சக்தி ரெட்டிப்பானா 3தான் ஏறும்"னேன். மைக் செட்டுப் பயலுக எல்லாம் சுத்தி நிக்கிறாய்ங்க. மாமா பீடியைக் கீழ போட்டு மிதிச்சாரு. "அப்ப இந்த மூணு டெசிபலுக்காடா நான் இம்புட்டு நாளா ரெண்டாவது பாக்ஸைத் தூக்கிச் சுமக்குறேன்?" பதிலே வரல எனக்கு. இதுல குடியிருப்புப் பகுதிக்குச் சட்டப்படி பகல்ல 55தான். 95 வச்சா 40 கூட, அதாவது சக்தியில பத்தாயிரம் மடங்கு. அதையும் சொல்லியிருந்தா என்னையவே தூக்கிப் பாக்ஸுக்குள்ள போட்டிருப்பாரு.

ஒத்தக்கடை_லேப்:
கொரோனா நேரத்துல கவுண்டர்ல ஒரு ஐயா ரெண்டு ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டுக் கேட்டாரு, "எனக்கு சி.டி 30, என் வீட்டம்மாவுக்கு 20. பத்துதானம்மா வித்தியாசம்?" கூட்டம் நெருக்கிக்கிட்டு நின்னுச்சு. "ஆமாங்கய்யா, பத்து"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். சி.டின்னா பரிசோதனையில வைரஸ் தென்பட எத்தனை சுற்று ஓட்டணும்ங்கிற எண், குறைஞ்சா வைரஸ் அதிகம். ஒவ்வொரு சுற்றுலயும் இரட்டிக்குது, அதனால 2ஐப் பத்து தடவை பெருக்கணும். கணக்குப்படி வீட்டம்மாவுக்கு வைரஸ் 1024 மடங்கு. வேற வேற லேப் ரிப்போர்ட்டை அப்படி ஒப்பிடக் கூடாதுதான், ஆனா அவரு கொண்டுவந்தது ரெண்டும் எங்க லேப்புதான். நிம்மதியாத்தான் படி இறங்கிப் போனாரு.

ஐடி_பார்க்_அருண்:
சுருக்கமா. எக்செல்ல லாக்னா அடிமானம் 10. பைத்தான்ல மேத் டாட் லாக்னா இயல் மடக்கை. ஒண்ணுல எடுத்த லாக்கை இன்னொண்ணுல திருப்பி ரெண்டு நாள் தேடுனேன். டீம் லீடுக்கு இன்னும் தெரியாது.

நாகமலை_நிலா:
ஐயா சொன்ன 0.4343 முறையைப் போட்டுப் பாத்தேன், சரியா வருது. கிளார்க்ஸ் டேபிள் இப்ப எங்க கிடைக்கும்? முன்ன புதுமண்டபத்துல வாங்கினேன்.

சிம்மக்கல்_சீனி:
அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சும்மா. அங்க கேட்டுப் பாருங்க. பழசு கிடைச்சா .69 வரிசையில இதயம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.